மலட்டாற்றுத் தாய்மார்கள்

பேனருக்கு நாங்கள் சொன்ன பெயர்
மலட்டாற்றுப் பாதுகாப்புக் குழு.
பேரணாம்பட்டு பிரிண்டிங் கடைப் பையன்
போனில் கேட்டான்:
"எல்லாம் லேடீஸாக்கா?
அப்ப தாய்மார்கள்னு போட்டுடறேன்,
எடுப்பா இருக்கும்."
போடு என்றேன்.
எடுப்பாகத்தான் இருந்தது.

ஞானசுந்தரிக்குப் பிள்ளை இல்லை.
பதினாறு வருஷம். வேலூர் ஆஸ்பத்திரி,
வேளாங்கண்ணி, மறுபடி வேலூர் ஆஸ்பத்திரி.
தெருக்குழாய்ச் சண்டையில் அவளை என்ன சொல்வார்கள்
என்பது எங்கள் ஆற்றின் பெயரிலேயே இருக்கிறது.
நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அவள்தான் நோட்டு வைத்திருந்தாள்.
அட்டையில் கிளிப் படம்.
எந்தத் தெரு பம்பு, என்ன தேதி,
பேனா மாதிரி இருக்கும் உப்பு மீட்டரில்
என்ன எண்.
மேட்டுத் தெரு 1900.
ஷாஹிதா வீட்டு போர் 3720.
காலனி 4300, வாடை.
கெங்கம்மா உலையில் சோறு மஞ்சளாய் வடிந்த அன்று
அதற்கு மீட்டர் இல்லை,
"சோறு மஞ்சள்" என்று எழுதினாள்.

என் வீட்டுக்காரர்
தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார்.
குரோமில் ஊறிய தோல் நீலமாக வரும்.
அவர் நகக்கண்ணும் அப்படித்தான்.
மீட்டர் வாங்க ஆளுக்கு அறுபது போட்டோமே,
என் அறுபது அந்தச் சம்பளத்தில் எடுத்தது.
"ஷாப்ப மூடிட்டா இன்னாத்த துன்றது?"
என்றார் ஒரு ராத்திரி.
நான் அவர் லுங்கிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.
தேய்க்கத் தேய்க்க
நுரையே வரவில்லை.
அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

திங்கட்கிழமை, மனு நாள்.
குடியாத்தத்தில் பஸ் மாறி
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறங்கினோம்.
கூட வந்த ஆம்பளைகள் ஏழு பேர்.
கோதண்டம் சொன்னார்:
"பொம்பளைங்க முன்னாடி குந்துங்க.
கொழந்தைய மடியில வெச்சுக்கங்க,
போலீசு கை வெக்காது,
பேப்பர்காரன் போட்டோ எடுப்பான்.
பேசறத நாங்க பாத்துக்கறோம்."

பள்ளிக்கூட நாள். குழந்தைகள் போதவில்லை.
என் கடைசியை வாங்கி யாரோ
ஞானசுந்தரி மடியில் வைத்தார்கள்.
வேலூர் வெயில், தார் இளகிக் காலில் ஒட்டியது.
பிள்ளை அவள் சங்கிலியைக் கடித்தது.
அவள் நோட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே
இரண்டு கை போதாமல் திண்டாடினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.
சட்டைப் பையிலிருந்து பேச்சை எடுத்துப் பிரித்த கோதண்டத்திடம்
"கொஞ்சம் புடிங்கண்ணா" என்று
பிள்ளையை நீட்டினாள்.
நீட்டிய பிள்ளையை
வாங்காமல் இருக்க முடியுமா யாராலும்?
இரண்டாவது நிமிஷம் அது அலறியது.
வேப்ப மரத்தடிக்கு
ஆட்டிக்கொண்டே போனார், காகிதம் கக்கத்தில்.

அவள் வாசித்தாள்.
தேதி, தெரு, எண். தேதி, தெரு, எண்.
அதிகாரி கொஞ்சம் கேட்டார், அப்புறம்
பேனாவை மூடிவிட்டுக் கனிவாகச் சொன்னார்:
"நம்பரெல்லாம் இருக்கட்டும்மா.
ஒரு தாயா உங்க மனசுல இருக்கறத சொல்லுங்க."

ஞானசுந்தரி பக்கத்தைத் திருப்பினாள்.
"பதினோராம் பக்கம் சார்" என்றாள்.
மேற்கொண்டு வாசித்தாள்.

ஒரு ரசீது கொடுத்தார்கள்.
மறுநாள் பேப்பரில் என் முகம்,
கண்ணில் வேர்வை வடிந்து எரிந்த நேரம் பார்த்து எடுத்தது.
கீழே, "கண்ணீருடன் தாய்மார்கள்".
அவள் கைவிரலும்
கிளியின் வாலும் ஓரத்தில் தெரிந்தன.

எட்டு நாள் கழித்து
நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்
டிபன் கூடையிலிருந்து
துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்து
அம்மிக்குப் பின்னால் வைத்தார்.
"பின்பக்கப் பைப்பு. ராத்திரி ரெண்டு மணி."
அவ்வளவுதான், படுத்துவிட்டார்.

ஞானசுந்தரி மீட்டரை விட்டாள்.
எண் வரவில்லை. அளவு தாண்டினால்
அதில் கோடு மட்டும் வரும் போலிருக்கிறது.
தேதி எழுதினாள், நேரம் எழுதினாள்,
எண் இருக்க வேண்டிய இடத்தில்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
கொண்டுவந்தவர் பெயருக்கு
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு
நோட்டை மூடினாள்.